தாசில்தாரின் கழுத்துப்பட்டை

அன்பு மகளே,

ஆம்பூரில் இதுவரை எந்தத் தகப்பனும் எந்த மகளுக்கும் சொல்லாத ஒரு கதையை இந்தக் கடிதத்தில் சொல்லப்போகிறேன். ஒருத்தரும் நம்பமாட்டார்கள். கோர்ட்டில் சொன்னால் ஜட்ஜ் எழுந்து சாப்பிடப் போய்விடுவார். சர்ச்சில் சொன்னால் பாதிரியார் பாதிப் பிரசங்கத்தில் மணியடித்துக் கூட்டத்தைக் கலைத்துவிடுவார். இருந்தாலும் வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்கிறேன், சொல்லத்தான் போகிறேன். பதிலுக்கு நீயும் ஒரு சத்தியம் செய். கடைசி வரி வரைக்கும் படிக்காமல் இதை மடித்து வைக்கக் கூடாது. நடுவில் உனக்கு என்மேல் கோபம் வரும். வந்தாலும் படி.

உன் இன்லண்ட் லெட்டர் செவ்வாய்க்கிழமை வந்தது. ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு யாரோ ஒரு ரயில் கார்டு கொண்டுவந்து விட்ட நாய்க்குட்டியைப் பற்றி இரண்டரைப் பக்கம் எழுதியிருக்கிறாய், மாப்பிள்ளையைப் பற்றி ஒன்றரை வரி. சரியான பங்கீடுதான். குட்டிக்கு நாலு காலும் வெள்ளை என்றும், உன் மகள் தன் தட்டிலேயே அதற்கும் சோறு போடுகிறாள் என்றும் படித்து நானும் உன் அம்மாவும் சிரித்தோம். அப்புறம் இரண்டு விஷயம் எழுதியிருந்தாய். முதலாவது, ‘கடையில் விற்கிற பட்டை வேண்டாம், நீங்களே நல்ல தோலில் ஒன்று செய்து அனுப்புங்கள்.’ இரண்டாவது கடைசி மடிப்பில், இடம் போதாமல் நெருக்கி எழுதியது. ‘இந்தத் தடவை நான் கவனமாக இருப்பேன் அப்பா. கேட்டைத் திறந்து போடமாட்டேன்.’

இந்தத் தடவை என்று எழுதியிருந்தாய். நான் கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். உன் அம்மா என்னவென்று கேட்டதற்குத் தூசி என்றேன். அந்த ஒரு வரிக்குப் பதில்தான் இந்தக் கடிதம். மற்றதெல்லாம் சுற்றி வளைப்பது. சுற்றி வளைக்காமல் எனக்கு எதுவும் சொல்ல வராது என்பது உனக்கே தெரியும். ஆம்பூரிலிருந்து ஜோலார்பேட்டைக்குப் பாசஞ்சர் ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது, நேரிலேயே வந்து சொல்லியிருக்கலாம். வியாழக்கிழமை அதற்குத்தான் ஸ்டேஷனுக்குப் போனேன். டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வந்த மூன்று வண்டியையும் மரியாதையாக வழியனுப்பிவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

நம் தெருவில் பிள்ளைகளுக்கெல்லாம் நான் மாமா. நான் விடுகிற கதைகளுக்கு ‘மாமா கதை’ என்றே பெயர். பாலாற்று வெள்ளத்தில் எருமைத் தோலை விரித்து அதன்மேல் உட்கார்ந்து, வாணியம்பாடியில் புறப்பட்டவன் வேலூர்க் கோட்டை அகழியில் போய் இறங்கியதையும், அங்கே ஒரு முதலை எனக்கு வழிவிட்டுச் சலாம் போட்டதையும் நீ நூறு தடவை கேட்டிருக்கிறாய். ஆனால் நீ விவரமான பெண். ஆறு வயசிலேயே இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, “இது மாமா கதையா, அப்பா கதையா?” என்று கேட்பாய். மாமா கதை என்றால் புளுகு, சிரித்துவிட்டுப் போகலாம். அப்பா கதை என்றால் நிஜம், நம்ப வேண்டும். அந்தக் கேள்விக்கு மட்டும் நான் உன்னிடம் பொய் சொன்னதே இல்லை. ஒரே ஒரு தடவை தவிர.

எமர்ஜென்சி வருவதற்கு இரண்டு வருஷம் முன்பு அது. உனக்கு ஏழு வயசு. நான் தோல் பதம் செய்கிற ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிகளுக்கு மேஸ்திரி. இரண்டு வீடு தள்ளி இருந்த காதர் பாய் அதே இடத்தில் தோலில் மயிர் வழிக்கிறவர். எங்கள் இருவர் மேலும் வீசுகிற சுண்ணாம்பு வாடையில், பஸ்ஸில் எங்களுக்கு எப்போதும் உட்கார இடம் கிடைக்கும். மேலே பறக்கிற காக்காய்கூட நம் தெருவைச் சுற்றிக்கொண்டுதான் போகும். அப்படியிருக்க ஒரு நாள் கூட்ஸ் ஷெட்டிலிருந்து உப்புத் தோல் ஏற்றிக்கொண்டு ஒரு மாட்டுவண்டி வந்தது. தோல் அடுக்கின் உச்சியில் ஒரு நாய்க்குட்டி உட்கார்ந்திருந்தது. எங்கே ஏறியது என்று வண்டிக்காரனுக்கே தெரியாது. வண்டி நின்றதும் அது அவசரப்படாமல் எழுந்து, நாலு பக்கமும் பார்த்து, யாராவது வந்து இறக்கிவிட வேண்டும் என்று காத்திருந்தது. காதர் பாய் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, “மேஸ்திரி, தாசில்தார் வந்துட்டாரு. எழுந்து நில்லுங்க” என்றார். பேர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அன்று மாலை தாசில்தார் நம் வீட்டில் சார்ஜ் எடுத்துக்கொண்டார்.

அது வளர்ந்த வேகத்தைச் சொன்னால் சிரிப்பாய். திங்கட்கிழமை கட்டிலுக்கு அடியில் நுழைந்தது, சனிக்கிழமை கட்டில் அதற்கு மேல் நின்றது. குரைத்தால் மாதனூர் வரைக்கும் கேட்கும். மெட்ராஸ் மெயில் டிரைவர் எதிரில் இன்னொரு எஞ்சின் வருகிறது என்று நினைத்துப் பதிலுக்கு ஹாரன் அடிப்பார். அந்தக் குரலை ஞாபகம் வைத்துக்கொள். அது நின்றுபோன நாளைப் பற்றித்தான் நான் சொல்லவேண்டியிருக்கிறது.

ஒரு குட்டியை வீட்டுக்குள் விட்டால் அதன் வாய்க்குள் என்ன போகிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. நான் அதைப் பார்க்கவில்லை. தோலிலிருந்து வழித்துத் தள்ளுகிற ஜவ்வு ஷாப்புக்குப் பின்னால் குவிந்து கிடக்கும். சும்மா கிடக்கிற கறிதானே என்று நம் தெருவில் எல்லாரும் அதைத்தான் நாய்க்குப் போட்டோம். அதில் பாதிக்குப் பாதி சுண்ணாம்பு. தாசில்தார் தின்றுவிட்டுக் கக்கும், கக்கிவிட்டு மறுபடியும் தின்னும். அதற்குப் பக்கத்தில் ஓடுகிற கால்வாய்த் தண்ணீர் காலையில் நீலம், மத்தியானம் பச்சை, சாயங்காலம் கடவுள் இன்னும் பேர் வைக்காத ஒரு நிறம். அதையும் குடிக்கும். உன் அம்மா சண்டை போட்ட பிறகுதான் வீட்டுச் சோறும் கிணற்றுத் தண்ணீரும் என்று முடிவானது. கேட்டைச் சாத்தி வைக்கிற பொறுப்பை உனக்குக் கொடுத்தோம். ஏழு வயசுப் பிள்ளைக்கு அது பெரிய உத்தியோகம். ஸ்கூலுக்குப் போகும்போது கொக்கியை மாட்டிவிட்டு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுவாய், கஜானாவைப் பூட்டின அதிகாரி மாதிரி.

உன் குட்டிக்கு வீட்டுச் சோறு போடு. சின்ன எலும்பு போடாதே, தொண்டையில் குத்தும். தண்ணீரைத் தினமும் மாற்று, அது எவ்வளவு குடிக்கிறது என்று பார். கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வெறிநோய்க்கு வருஷம் ஒரு ஊசி போடு. அங்கே நாலு பக்கமும் தண்டவாளம், அதனால் கட்டி வைக்கத்தான் வேண்டும், ஆனால் நிழலில் கட்டு. இதெல்லாம் எந்தப் புஸ்தகத்திலும் இருக்கும். புஸ்தகத்தில் இல்லாததற்கு இனிமேல்தான் வருகிறேன்.

அந்த வருஷம் ஆடி கழிந்ததும், கழுத்தில் பட்டை இல்லாத நாய்களையெல்லாம் பிடித்துப்போவோம் என்று முனிசிபாலிட்டி ஜீப் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனது. மறுவாரமே அடுத்த தெருவில் இரண்டு நாயைக் காணோம். நீ ஸ்கூல் விட்டு ஓடி வந்து, தாசில்தாரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சோறு வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டாய். உன் அம்மா, வேலூர் லாங் பஜாரில் நல்ல பட்டை கிடைக்கும், ஞாயிற்றுக்கிழமை போய் வாங்கி வா என்றாள். எனக்கு எவ்வளவு ரோஷம் வந்தது தெரியுமா? சீமையில் நடக்கிற பாதிப் பேர் காலில் என் தொட்டியில் ஊறின தோல், நான் கடைக்குப் போய்த் தோல் வாங்குவதா? ஷாப்பிலிருந்து பதம் செய்த தோலில் ஒரு துண்டு கொண்டுவந்து கொக்கி வைத்துக் கட்டினேன். தாசில்தார் அரை மணி நேரத்தில் தலையை உருவிக்கொண்டு வந்தது. மறுபடி கட்டினேன். மறுபடி உருவிவிட்டு, இந்தத் தடவை பட்டையைக் கடித்தும் வைத்தது. தெருவே சிரித்தது. “மேஸ்திரிக்கே தண்ணி காட்டுது பாரு” என்றார்கள்.

சிரித்ததுதான் வினை. மறுநாள் எருமைத் தோலில் ஒரு வார் அறுத்துக்கொண்டு வந்தேன். சுண்ணாம்பில் ஊறி மயிர் வழித்தது, இன்னும் பதம் செய்யாத பச்சைத் தோல். பதம் செய்த தோல் அடங்கின தோல், சொன்ன இடத்தில் சொன்னபடி இருக்கும். பச்சைத் தோல் அப்படியில்லை. ஈரத்தில் அல்வா மாதிரி இழுபடும், காயக் காயச் சுருங்கிக் கல்லாகிவிடும். ஷாப்பில் கத்திப் பிடி பிளந்தால் அதைத்தான் ஈரமாகச் சுற்றி வெயிலில் வைப்போம். காய்ந்ததும், தான் பிளந்திருந்தது பிடிக்கே மறந்துபோகும். இது எனக்கு நன்றாகத் தெரியும் மகளே. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை. தினமும் கையால் செய்கிற ஒன்றை, அன்றைக்கு மட்டும் நினைத்துப் பார்க்கவில்லை.

அந்த வாரை ஈரமாகவே அதன் கழுத்தில் சுற்றி, கொக்கி வைக்காமல், கோணி ஊசியால் நாலு புரி நூல் போட்டுச் சேர்த்துத் தைத்தேன். காதர் பாய் நாயைப் பிடித்துக்கொண்டார். “கொஞ்சம் தாராளமா வுடுங்க மேஸ்திரி, குட்டி இன்னும் வளருது” என்றார். லூசாக விட்டால் திரும்பவும் உருவிக்கொள்ளும் என்றேன். ஒரு விரல் நுழைகிற இடம் விட்டேன். தைத்து முடித்து நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன்: “இனிமே இதக் கழட்டணும்னா எமனே வந்தாலும் கத்தி கொண்டாரணும்.” எல்லாரும் கை தட்டினார்கள். நீயும் தட்டினாய்.

தாசில்தாரை முனிசிபாலிட்டி பிடிக்கவில்லை. அந்த விஷயத்தில் பட்டை தன் வேலையைச் செய்தது. ஆவணி மழை வந்தது. மழையில் பட்டை ஊறும், மறுநாள் வெயிலில் காயும், சாயங்காலம் திரும்ப ஊறும். நாய்க்குக் கழுத்து மயிர் அடர்த்தியானதால் மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. நான் பார்க்கவும் இல்லை. நாலைந்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வாசலில் நாலு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். நான் முதலைக் கதையின் உச்சத்தில் இருந்தேன். நீ வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாய்.

“அப்பா, அதுக்குக் கழுத்து வலிக்குது.”

உனக்கு யார் சொன்னது, தாசில்தார் மனு எழுதிக் கொடுத்தாரா என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. தொட்டால் தலையைத் திருப்பிக்கொள்கிறது என்றாய். அப்போது நான் சொன்னதை இன்றைக்கு எழுதக் கை கூசுகிறது. “இருவது வருஷமா தோலோட குடித்தனம் பண்றவன் நான். எனக்கே நீ தோல் சொல்லித் தர்றியா? போய் வாய்ப்பாடு படி.” மறுபடியும் சிரிப்பு. நீ முகம் சிவந்து உள்ளே போனாய். அதற்கப்புறம் அதைப் பற்றி நீ வாய் திறக்கவே இல்லை. நான் எழுந்து பத்து அடி நடந்து போய், குனிந்து, அந்த மயிரை விலக்கிப் பார்த்திருந்தால் போதும். முதலைக் கதை பாதியில் நின்றிருக்கும், அவ்வளவுதான் நஷ்டம்.

அடுத்த புதன்கிழமை தெரு அமைதியாக இருந்தது. முதலில் யாருக்கும் காரணம் தெரியவில்லை. ஏதோ ஒன்று குறைகிறது என்று மட்டும் தெரிந்தது, ஷாப்பில் மோட்டார் நின்றுபோன மாதிரி. உன் அம்மாதான் சொன்னாள், நேற்றிலிருந்து தாசில்தார் குரைக்கவில்லை என்று. குரைக்க வாயைத் திறக்கும், துருப்பிடித்த கீல் மாதிரி ஒரு சத்தம் வரும். கட்டிலுக்கு அடியில், உள்சுவரோடு ஒட்டிப் படுத்துக்கொண்டது. வாயோரம் எச்சில் நூலாகத் தொங்கியது. சோற்றை முகர்ந்துவிட்டு விட்டுவிட்டது. தண்ணீர்க் கிண்ணத்துக்கு வரும், நிற்கும், அப்படியே பின்னால் நகரும். வியாழக்கிழமை காலை நீ கட்டிலுக்கு அடியில் கையை நீட்டி அதன் கழுத்தைத் தொட்டாய். அது உன்னை ஒரு நாளும் கடித்ததில்லை. அன்று கடித்தது. மணிக்கட்டில் இரண்டு பல் கீறல், கடுகு அளவு ரத்தம்.

காதர் பாய் வாசல்படியிலேயே நின்றார். அவருக்குத் தாசில்தார்மேல் உயிர், இருந்தும் உள்ளே வரவில்லை. “மேஸ்திரி, குரல் போச்சு. எச்சி ஊத்துது. தண்ணியக் கண்டா ஒதுங்குது. இது அதுதான். பேஜார் ஆவறதுக்குள்ள புள்ளைய ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போங்க” என்றார். அவர் அதன் பேரைச் சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை. தெருவில் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்துகிற சத்தம் கேட்டது. உன் அம்மா உன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே, நாய் எதைத் தின்றது, எங்கே போனது என்று உன்னைக் கேட்டாள். நீ தேம்பித் தேம்பிச் சொன்னாய்: திங்கட்கிழமை கேட்டைச் சாத்த மறந்துவிட்டாய், அது கால்வாய்ப் பக்கம் போய் அந்தத் தண்ணீரைக் குடித்தது, நீ போய் இழுத்து வந்தாய், பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அதை நீ கையில் கொண்டுவந்து கொடுத்தாய். நான் எல்லார் முன்னாலும் சொன்னேன், “பாத்தியா, அந்தத் தண்ணிதான். கேட்ட சாத்துன்னு எத்தினி வாட்டி சொன்னேன்.” தண்ணீர் குடித்து வெறி வராது என்று எனக்குத் தெரியும். அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். ஆனால் யாரும் எதுவும் சொல்லவில்லை, நீ நம்பினாய்.

வேலூர் ஆஸ்பத்திரியில் உனக்குத் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்றார்கள், நாளுக்கு ஒன்று. அந்த ஊசி சைக்கிள் பம்பு நீளம் இருந்தது, நீ அதைப் பார்த்து டாக்டருக்குத்தான் தைரியம் சொன்னாய். அந்தப் பதினாலு நாளை நான் தப்பென்று இன்றும் சொல்லமாட்டேன். நாய்ப் பல் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ, அதில் யோசனையே வேண்டாம். தப்பு வேறு இடத்தில் நடந்தது. கால்நடை டாக்டரிடம் நான் போனேன். கட்டி வையுங்கள், பத்து நாள் பார்க்க வேண்டும், அடிக்காதீர்கள் என்றார். அப்புறம் ஒன்று கேட்டார். “யாராவது கிட்ட போய், வாய், தொண்டை, கழுத்தெல்லாம் பாத்தீங்களா? எலும்பு கிலும்பு சிக்கியிருந்தாலும் இப்படித்தான் இருக்கும்.” பார்த்தாகிவிட்டது என்றேன். நான் பார்க்கவில்லை. பயம். அதைவிடப் பெரிய பயம், பயந்தேன் என்று அவருக்குத் தெரிந்துவிடுமோ என்பது. என் ஆயுளில் ஆயிரம் புளுகு விட்டிருக்கிறேன், யானை சைஸ், மலை சைஸ். ‘பாத்தாச்சு சார்’ என்ற அந்தப் பொய் அவ்வளவு சின்னது, சொன்னதுகூட எனக்குக் கேட்கவில்லை.

ஷாப்புக்குப் பின்னால் இருந்த பழைய உப்புக் கொட்டகையில் அதைக் கட்டினோம். தோலைப் புரட்டுகிற நீளக் கம்பால் தண்ணீர்க் கிண்ணத்தை உள்ளே தள்ளிவிடுவேன். அது எழுந்து வரும், வாயை வைக்கும், தண்ணீர் உள்ளே போகாமல் ஓரமாக வழியும். “பாரு, குடிக்க மாட்டேங்குது” என்று கூட இருந்தவர்களிடம் சொல்வேன். குடிக்க மாட்டேன் என்ற நாய் எதற்காக ஒவ்வொரு தடவையும் எழுந்து வந்தது என்று எங்களில் ஒருத்தனும் கேட்கவில்லை. அது என்னைப் பார்க்கும். கம்பின் அந்த முனையிலிருந்து பார்க்கும். மூன்றாம் நாள் எழுந்து வரவில்லை. நாலாம் நாள் மத்தியானம் காதர் பாய் வந்து, முடிந்துவிட்டது என்றார்.

நாங்கள் இருவரும்தான் குழி வெட்டினோம். கையில் கோணியைச் சுற்றிக்கொண்டு தூக்கினோம். தோல்காரனுக்கு ஒரு பழக்கம் உண்டு, எந்தத் தோலைக் கண்டாலும் கை தானாக ஒரு தடவை தடவிப் பார்க்கும். மண்ணைத் தள்ளுவதற்கு முன்னால் காதர் பாயின் கை அப்படித்தான் அதன் கழுத்துக்குப் போனது. போன கை அங்கேயே நின்றது. “மேஸ்திரி, இங்க பாருங்க.” மயிரை விலக்கினார். என் பட்டை அங்கே இருந்தது, ஆனால் கழுத்தின் மேல் இல்லை, கழுத்துக்குள் இருந்தது. கத்தி முனையை நுழைக்க இடம் தேடினேன். ஒரு விரல் விட்ட இடத்தில் ஒரு மயிர் நுழையவில்லை. நான் தெருவுக்கே கேட்கச் சொன்ன மாதிரி, அதைக் கழற்றக் கத்திதான் தேவைப்பட்டது. சுண்ணாம்பு தூவி மூடினோம். திரும்பி வரும்போது காதர் பாய் ஒன்றே ஒன்று சொன்னார்: “பாப்பாகிட்ட சொல்லிடுங்க. அது கேட்ட சாத்தாததயே நெனச்சினு கெடக்குது.”

சொல்கிறேன் என்றேன். நீ அப்போதுதான் நாலாவது ஊசி போட்டுக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். தாசில்தார் எங்கே என்று கேட்டாய். நான் வாயைத் திறந்தேன், கதை வந்தது. தாசில்தாருக்கு உடம்பு தேறிவிட்டது, ஜோலார்பேட்டைக்கு டிரான்ஸ்பர் ஆர்டர் வந்துவிட்டது, ஸ்டேஷன் மாஸ்டர் மாலை போட்டார், ஃபர்ஸ்ட் கிளாஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனார். நாலு நாளில் முதல் தடவையாக நீ சிரித்தாய். சிரித்துவிட்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, “இது மாமா கதையா, அப்பா கதையா?” என்றாய்.

அப்பா கதை என்றேன்.

ஒன்பது பத்து வயசில் அது பொய் என்று உனக்கே புரிந்திருக்கும். அதைப் பற்றி நீ என்னைக் கேட்டதில்லை. அதற்குப் பதிலாக வேறு ஒன்று செய்தாய். ஸ்கூலுக்குக் கிளம்பினால் தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பி வந்து கேட் கொக்கியைத் தொட்டுப் பார்ப்பாய். காலேஜுக்குப் போன காலத்திலும் அப்படித்தான். பொறுப்பான பெண் என்று உன் அம்மா எல்லாரிடமும் பெருமையாகச் சொல்வாள். நான் அந்தப் பக்கம் பார்க்கமாட்டேன். கல்யாணம் முடிந்து, மாலையோடு காரில் ஏறி உட்கார்ந்தபோது, எல்லாரும் அழுகிற நேரத்தில் நீ கண்ணாடியை இறக்கிவிட்டு, “அப்பா, கேட்டு சாத்தியாச்சா?” என்று கேட்டாய். எல்லாரும் சிரித்தார்கள். காதர் பாய் கூட்டத்தில் இருந்தார். அவர் சிரிக்கவில்லை, என்னையே பார்த்தார். சாப்பிடாமல் போய்விட்டார்.

இன்று காலை உன் அம்மாவிடம் முழுசாகச் சொன்னேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். “இத்தினி வருஷமா அந்தப் பொண்ணு திரும்பி வந்து கொக்கியத் தொட்டுப் பாக்கறத நீ பாத்துனுதான இருந்த?” என்று மட்டும் கேட்டாள். அப்புறம் எழுந்து போய் என் பழைய காக்கிப் பேன்ட்டைக் கத்தரிக்க ஆரம்பித்தாள்.

ஆகவே தோல் பட்டை வராது. இந்தக் கையால் இனி எந்தக் கழுத்துக்கும் தோல் அறுக்கமாட்டேன். இதோடு வருவது காக்கித் துணிப் பட்டை, உன் அம்மா தைத்தது, உன் பழைய ஸ்கூல் பையின் கொக்கி வைத்தது. ஏழு துளை போட்டிருக்கிறாள். மாட்டினால் உன்னுடைய இரண்டு விரல் தாராளமாக உள்ளே போக வேண்டும். குட்டி வளர்கிற வரைக்கும் வாரா வாரம் விரலை விட்டுப் பார், துளையை மாற்று. கண்ணால் பார்த்து முடிவு செய்யாதே, மயிருக்கு அடியில் கையை விட்டுப் பார். நனைந்தால் கழற்றிக் காயவை. முக்கியமானது இது: உன் மகள் வந்து சட்டையைப் பிடித்து இழுத்து ஏதாவது சொன்னால், நீ எந்தக் கதையின் நடுவில் இருந்தாலும் நிறுத்து. எழுந்து போய்க் குனிந்து பார்.

மெட்ராஸ் மெயில் பதிலுக்கு ஹாரன் அடித்தது புளுகு. கட்டில் நாய்க்கு மேல் நின்றது புளுகு. ஊசி சைக்கிள் பம்பு நீளம் இருந்ததும், நீ டாக்டருக்குத் தைரியம் சொன்னதும் புளுகு, நீ என் கையைக் கடித்துக்கொண்டு அழுதாய். மிச்சத்தில் நான் எங்கெங்கே கூட்டினேன், எங்கே குறைத்தேன் என்று எனக்கே இப்போது சரியாகத் தெரியாது, உனக்கு நம்பத் தோன்றியதை நம்பு. சின்னதாக ஒன்று மட்டும் நிஜம், அதற்கு மட்டும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஏழு வயசில், நாலு பேர் முன்னால், அதற்குக் கழுத்து வலிக்கிறது என்று நீ சொன்னாய். அங்கே இருந்தவர்களில் நீ ஒருத்திதான் சரியாகப் பார்த்தவள். கேட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இது அப்பா கதை.